தமிழகத் தொழிலாளரின் திறன், தகுதி, பணித்தரம்: ஆய்வுகளின் வரலாறு

ஒரு வட்டாரத்தில் உழைப்போர் எத்தனை பேர், அவர்களுக்கு என்னென்ன வேலை தெரியும், எவ்வளவு படித்திருக்கிறார்கள், செய்யும் வேலை எத்தகையது என்பவற்றைக் கேட்டுத் தொகுத்து ஆராய்வது தொழிலாளர் ஆய்வு ஆகும். தமிழகத்தில் இத்தகைய ஆய்வுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ஒருவர் ஊர் ஊராகச் சென்று கேட்டு எழுதியது தொடங்கி, கையடக்கக் கணினியுடன் வீடு தேடி வரும் களப்பணியாளர் வரை அது நீள்கிறது. ஒவ்வொரு காலத்திலும் கேள்வியைக் கேட்டவர் யார், எதற்காகக் கேட்டார் என்பதைப் பொறுத்தே அட்டவணையில் சிலர் இடம்பெற்றனர், சிலர் விடுபட்டனர். விடுபட்டவர்களுக்குக் கூலி விகிதம், நலவாரியப் பதிவு, ஓய்வூதியம் ஆகியவையும் எளிதில் கிட்டவில்லை. இவ்வரலாற்றை அறிந்துகொள்ள வேண்டியதன் காரணம் இதுவே.

மூன்று சொற்கள்

திறன், தகுதி, பணித்தரம் ஆகிய மூன்றும் பேச்சு வழக்கில் கலந்து வருபவை. ஆய்வில் இவற்றைப் பிரித்தே பார்க்க வேண்டும்.

திறன் என்பது ஒருவருடைய கைக்கும் கண்ணுக்கும் பழகிய அறிவு. தகுதி என்பது அந்த அறிவுக்குப் பள்ளியோ தொழிற்பயிற்சி நிலையமோ அளித்த சான்று. பணித்தரம் என்பது வேலையைப் பற்றியது. கூலி எவ்வளவு, வேலை எத்தனை மணி நேரம், எத்தனை நாள் நிலைக்கும், சம்பளத்துடன் விடுப்பு உண்டா, விபத்து நேர்ந்தால் யார் பொறுப்பு என்பன அதில் அடங்கும்.

கட்டட வேலையை எடுத்துக்கொள்வோம். மட்டக்கோலையும் தூக்குக்குண்டையும் வைத்துச் சுவரை நேராக எழுப்பும் கொத்தனாரிடம் திறன் உண்டு. பெரும்பாலும் சான்றிதழ் கிடையாது. அவருக்குக் கலவை எடுத்துக் கொடுக்கும் சித்தாள் பெரும்பாலும் பெண்ணாக இருப்பார். கலவையின் பதம் அவருக்கும் தெரியும். ஆயினும் இருபது ஆண்டு வேலை செய்த பிறகும் அவர் சித்தாளாகவே இருப்பது வழக்கம். மூன்று சொற்களில் எதைக் கொண்டு அளக்கிறோம் என்பதைப் பொறுத்து இவ்விருவரும் வேறு வேறு கட்டங்களில் விழுவர்.

புக்கானனின் பயணம்

1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பின், கம்பெனியின் கைக்கு வந்த நிலப்பகுதிகளில் என்ன விளைகிறது, என்ன செய்யப்படுகிறது, மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று அறிந்துவரும்படி தலைமை ஆளுநர் வெல்லெஸ்லி, பிரான்சிஸ் புக்கானனை அனுப்பினார். மருத்துவரும் தாவரவியலாளருமான புக்கானன் 1800 ஏப்ரலில் சென்னையிலிருந்து புறப்பட்டார். மைசூர்ப் பகுதியைச் சுற்றிவிட்டுக் காவேரிபுரம் வழியாக இறங்கிப் பவானி, ஈரோடு, தாராபுரம், கோயம்புத்தூர் ஆகிய ஊர்களைக் கண்டு, பாலக்காட்டு வழியே மலபாருக்குச் சென்றார். அவருடைய நாட்குறிப்பு 1807-இல் லண்டனில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது.

உழவர், நெசவாளர், இரும்பு உருக்குவோர், வணிகர் எனப் பலரையும் அவர் விசாரித்தார். நெசவாளர் வணிகரிடம் முன்பணம் பெற்று நெய்ததையும், பெண்கள் நூல் நூற்றதையும், பண்ணை ஆட்களுக்குத் தானியமாகக் கூலி அளக்கப்பட்டதையும் எழுதினார். தகுதிச் சான்று என்ற ஒன்றே இல்லாத காலம் அது. எனவே யாருக்கு என்ன வேலை தெரியும் என்பதை வேலையைப் பார்த்துத்தான் அவர் எழுத வேண்டியிருந்தது. பிற்காலத்து அட்டவணைகளில் காண முடியாத தொழில் விவரங்கள் இவருடைய குறிப்புகளில் கிடைப்பதற்கு இது ஒரு காரணம். ஆனால் கம்பெனிக்கு வேண்டியது வருவாயும் வணிகச் சரக்கும் ஆகும். உழைப்பவரின் நலம் அதன் கேள்விப் பட்டியலில் முதலிடம் பெறவில்லை.

'தொழிலாளி' யார்? கணக்கெடுப்பு தந்த விடைகள்

சென்னை மாகாணத்தில் முறையான மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1871-இல் நடந்தது. நாடு முழுவதும் ஒரே நேரத்தில் எடுக்கும் முறை 1881-இல் தொடங்கியது. அன்று முதல் ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் தொழில் பற்றிய கேள்வி உண்டு. ஆனால் அந்தக் கேள்வியின் பொருள் மாறிக்கொண்டே வந்தது.

1891-இல் ஒவ்வொரு தொழிலாலும் பிழைப்போர் எத்தனை பேர் என்று கணக்கிட்டனர். நெசவாளர் வீட்டுக் கைக்குழந்தையும் நெசவால் பிழைப்பவராகவே எண்ணப்பட்டது. 1901-இல் உண்மையில் வேலை செய்வோரையும் அவரைச் சார்ந்தோரையும் பிரித்தனர். 1931-இல் சம்பாதிப்போர், வேலை செய்யும் சார்ந்தோர், வேலை செய்யாத சார்ந்தோர் என மூன்றாக வகுத்தனர். 1951-இல் வருமானம் அளவுகோல் ஆயிற்று. 1961-இல் வருமானத்தை விட்டு, வேலையைக் கொண்டு தொழிலாளியை வரையறுத்தனர். பருவகால வேலையில், பருவத்தின் பெரும்பகுதி நாட்களில் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் உழைத்தவரும் தொழிலாளி ஆனார்.

1971-இல் கேள்வி மறுபடியும் மாறியது. ஒருவருடைய முதன்மையான செயல் எது என்று முதலில் கேட்டனர். காலையில் மாடு கறந்து, பகலில் களை எடுத்து, மாலையில் சமைக்கும் ஒரு பெண்ணின் முதன்மையான செயல் எது? 'வீட்டு வேலை' என்றே பல வீடுகளில் விடை வந்தது. இந்திய அளவில் பெண் தொழிலாளர் எண்ணிக்கை 1961-இல் சுமார் 6 கோடியாக இருந்தது; 1971-இல் சுமார் 3 கோடியாகக் குறைந்தது. பத்தே ஆண்டுகளில் மூன்று கோடிப் பெண்கள் உழைப்பை விட்டு வீட்டுக்குள் போய்விடவில்லை. இந்த வீழ்ச்சியில் பெரும்பங்கு, கேள்வி மாறியதால் வந்தது.

1981-இல் இக்குறையைச் சரிசெய்ய முயன்றனர். ஆண்டில் 183 நாட்களுக்குக் குறையாமல் உழைப்பவர் முதன்மைத் தொழிலாளர், அதற்குக் குறைவாக உழைப்பவர் குறுநிலைத் தொழிலாளர் என இரு வகை ஏற்பட்டது. 2011 கணக்கெடுப்பிலும் இந்த வகைப்பாடு தொடர்ந்தது.

சிலேட்டரும் இருவேல்பட்டும்

கணக்கெடுப்பு நாடு முழுவதையும் ஒரே கண்ணால் பார்த்தது. அதே காலத்தில் ஓர் ஊரை மட்டும் கூர்ந்து பார்க்கும் ஆய்வும் தமிழகத்தில் தோன்றியது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக 1915-இல் வந்த கில்பர்ட் சிலேட்டர், தம் மாணவரிடம் ஒரு வினாப் பட்டியலைக் கொடுத்து, விடுமுறையில் சொந்த ஊரைப் பற்றி எழுதி வருமாறு கேட்டுக்கொண்டார். நிலம் யாருடையது, கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு, கைத்தொழில் என்னென்ன என்பன அதில் இருந்த கேள்விகள். மாணவர் எழுதியவை 1918-இல் நூலாயின. தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, வடார்க்காட்டுத் தூசி, திருநெல்வேலிப் பகுதியின் கங்கைகொண்டான், இராமநாதபுரப் பகுதியின் வடமலைபுரம், தஞ்சைப் பகுதியின் பாலக்குறிச்சி ஆகியவை அந்நூலில் இடம்பெற்ற தமிழக ஊர்கள்.

இருவேல்பட்டுப் பகுதியைப் படிப்பவர் படியாள் முறை பற்றிய செய்தியில் நின்றுவிடுவார். திருமணம் போன்ற செலவுக்காக வாங்கிய கடன் அடைபடாமல் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கியது. கடன் கொடுத்தவர் நிலத்தை விற்றாலோ இறந்தாலோ, படியாளும் நிலத்தோடு சேர்ந்து கைமாறினார். பணித்தரம் என்ற சொல் வழக்குக்கு வருமுன்பே, ஒரு கல்லூரி மாணவரின் விடுமுறைக் கட்டுரை பணித்தரத்தைப் பதிவு செய்துவிட்டது.

இவ்வூர்களைப் பிற்காலத்தவர் கைவிடவில்லை. 1936-37-இல் பி. ஜே. தாமஸ், கே. சி. ராமகிருஷ்ணன் ஆகியோர் தலைமையில் மறு ஆய்வு நடந்து, 1940-இல் நூலாக வந்தது. 1980-களின் தொடக்கத்தில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த எஸ். குகன் முதலியோர் இருவேல்பட்டை மறுபடியும் ஆராய்ந்தனர். 2008-இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோர் மீண்டும் அங்கே சென்றனர். வேளாண்மைக்கு வெளியிலான வேலைகள் பெருகியதையும், தலித் மக்கள் பெருநிலக்காரரைச் சார்ந்திருந்த நிலை தளர்ந்ததையும் அவர்கள் எழுதினர். முதல் கட்டுரை இல்லாதிருந்தால் இம்மாற்றத்தை அளக்க அடிக்கோடே இருந்திராது.

விட்லி ஆணையம்

ஆலைத் தொழிலாளரைப் பற்றிய பெரிய ஆய்வு 1929-இல் தொடங்கியது. 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் அமைந்தது முதல் ஆலை வேலைநிறுத்தங்கள் பெருகியிருந்த காலம் அது. ஜே. எச். விட்லியைத் தலைவராகக் கொண்ட இந்தியத் தொழிலாளர் அரச ஆணையத்தில் வலங்கைமான் வி. எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரி, தொழிற்சங்கத் தலைவர் என். எம். ஜோஷி ஆகியோர் உறுப்பினர்களாக இருந்தனர். அறிக்கை 1931-இல் வந்தது.

ஆலைக்கு ஆள் எடுப்பது மேஸ்திரி கையில் இருந்ததையும், வேலைக்குச் சேரவும் வேலையைத் தக்கவைக்கவும் தொழிலாளர் அவருக்குக் கையூட்டுக் கொடுக்க நேர்ந்ததையும் ஆணையம் எடுத்துக்காட்டியது. பெரும்பாலான தொழில் நகரங்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாத தொழிலாளர் கடனில் இருந்தனர் என்று மதிப்பிட்டது. ஆண்டு முழுதும் நடக்கும் ஆலைகளில் வாரத்துக்கு 54 மணி, நாளுக்கு 10 மணி என வேலை நேரத்தை வரம்பிடப் பரிந்துரைத்தது. 1934-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் இவ்வரம்பை ஏற்றது. கேட்டு எழுதியது சட்டமாக மாறிய நேரடிச் சான்று இது. ஆனால் அச்சட்டம் ஆலை வாயிலோடு நின்றது. தறிக் குடிசையும் வயலும் அதற்கு வெளியே இருந்தன.

சான்றிதழைக் கணக்கெடுத்த காலம்

விடுதலைக்குப் பிறகு தகுதி பற்றிய கேள்வி முன்னுக்கு வந்தது. போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்கு வேலை தேடித் தர 1945-இல் தொடங்கிய வேலைவாய்ப்பு அலுவலகங்கள், பின்னர் எல்லாருக்கும் உரியவை ஆயின. 1950-இல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் வந்தது, ஐ.டி.ஐ. எனப்படும் தொழிற்பயிற்சி நிலையங்கள் அதன் கீழ்ப் பெருகின. 1959-ஆம் ஆண்டுச் சட்டம் அரசு நிறுவனங்களும், 25 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தனியார் நிறுவனங்களும் காலியிடங்களை அறிவிக்க வேண்டும் என்றது. எத்தனை பேர் பணியில் உள்ளனர் என்ற விவரத்தை அந்நிறுவனங்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்பின. எந்தெந்தத் தொழிலில் எத்தனை பேர் என்ற விவரம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சென்றது. 1961-இல் தொழில் பழகுநர் சட்டமும் வந்தது.

பத்தாம் வகுப்புச் சான்றிதழ் கையில் கிடைத்ததும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்வது தமிழகத்துக் குடும்பங்களில் ஒரு சடங்கு போலவே ஆனது. பள்ளி ஆசிரியராக இருந்தவர்கள் இதை நன்கு அறிவோம். அப்பதிவேடு சான்றிதழ் உள்ளோரின் பட்டியல். ஏற்கெனவே ஏதோ ஒரு வேலையில் இருப்பவரும் அதில் உண்டு. படிக்காததால் பதியாத கைத்தொழிலாளர் அதில் இல்லை. ஒரு மாவட்டத்தின் வேலையின்மையை அப்பதிவேட்டைக் கொண்டு மட்டும் கணிக்க முடியாமைக்கு இதுவே காரணம்.

தொழில்களை வகைப்படுத்தும் தேசியத் தொழில் வகைப்பாடு 1958-இல் முதலில் வந்து, 1968, 2004, 2015 ஆகிய ஆண்டுகளில் திருத்தப்பட்டது. 2004 பதிப்பு திறனை நான்கு நிலைகளாக்கி, பெரும்பாலும் பள்ளி, கல்லூரியில் கழித்த ஆண்டுகளைக் கொண்டே அவற்றை வரையறுத்தது. பத்தாண்டுப் படிப்பு வரை முதல் நிலை, அதற்கு மேல் அடுத்தடுத்த நிலை. வார்ப்படப் பட்டறையில் இருபது ஆண்டு அச்செடுத்தவர், ஐந்தாம் வகுப்போடு நின்றிருந்தால், படிப்பை மட்டும் பார்க்கும் இந்த அளவுகோலில் கீழ்ப்படியைத் தாண்ட மாட்டார். ஒவ்வொரு தொழிலுக்கும் தெரிந்திருக்க வேண்டியவை எவை என்ற தரநிலைகளோடு 2015 பதிப்பு இணைக்கப்பட்டது. ஏற்கெனவே கற்ற திறனைச் சோதித்துச் சான்று வழங்கும் முறையும் அக்காலத்தில்தான் நாடளவில் விரிவடைந்தது.

மாதிரி ஆய்வும் பணித்தரக் கேள்விகளும்

1950-இல் பி. சி. மகலனோபிஸ் முயற்சியால் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கியது. எல்லா வீட்டையும் எண்ணாமல், முறைப்படி தேர்ந்த சில வீடுகளில் விரிவாகக் கேட்டு முழுமையையும் மதிப்பிடுவது மாதிரி ஆய்வின் முறை. வேலையின்மையை ஒரே எண்ணால் சொல்வது பொருந்தாது என 1970-இல் தந்த்வாலா குழு எடுத்துரைத்தது. அதனால் 1972-73 சுற்று முதல் வழக்கமான நிலை, வார நிலை, நாள் நிலை என மூன்று விதமாக அளந்தனர். வார நிலைக் கணக்கில், கடந்த ஏழு நாட்களில் ஒரு நாளாவது ஒரு மணி நேரம் வேலை செய்தவரும் வேலையில் இருப்பவரே. வேலை உண்டா என்ற கேள்வியோடு எத்தகைய வேலை என்ற கேள்வியையும் சேர்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் தேவையில்லை.

2004-05 சுற்றில் அந்தக் கேள்விகள் இடம்பெற்றன. எழுத்து வடிவ ஒப்பந்தம் உண்டா, சம்பளத்துடன் விடுப்பு உண்டா, வருங்கால வைப்பு நிதி போன்ற சமூகப் பாதுகாப்பு உண்டா எனக் கேட்டனர். அதே சுற்றின் தரவுகளைக் கொண்டு அர்ஜுன் சென்குப்தா தலைமையிலான ஆணையம், நாட்டின் சுமார் 45.7 கோடித் தொழிலாளரில் 39.5 கோடிப் பேர், அதாவது 86 சதவீதத்தினர், அமைப்புசாராத் துறையில் இருப்பதாகக் காட்டியது.

2017 ஏப்ரலில் காலமுறைத் தொழிலாளர் ஆய்வு தொடங்கியது. இதில் தொழிற்பயிற்சி பற்றிய கேள்வி விரிவானது. முறையான பயிற்சி பெற்றவரா, குடும்பத் தொழிலாகக் கற்றவரா, தானாகக் கற்றவரா, வேலை செய்தபடியே கற்றவரா என்று தனித்தனியே குறிக்கிறார்கள். தறியடியிலும் பட்டறையிலும் கற்ற கல்விக்கு அட்டவணையில் ஓர் இடம் கிடைத்திருக்கிறது. 2025 ஜனவரி முதல் இவ்வாய்வு மாதந்தோறும் மதிப்பீடு தரும்படி திருத்தப்பட்டது. மாதிரி எடுப்பதற்கு மாவட்டமே அடிப்படை அலகு ஆக்கப்பட்டது.

கைத்தறியும் பின்னலாடையும்

இந்த அளவுகோல்கள் களத்தில் எப்படிப் பொருந்துகின்றன என்பதை இரண்டு தொழில்களில் பார்க்கலாம்.

கைத்தறியில் தறியில் உட்கார்ந்திருப்பவர் மட்டும் துணியை உண்டாக்குவதில்லை. தார் சுற்றுவது, பாவு ஓட்டுவது, கஞ்சி போடுவது, அறுந்த இழையை முடிவது என்று வீட்டார் அனைவரும் உழைக்கிறார்கள். கைத்தறிக் கணக்கெடுப்பு நெசவாளர், துணைத் தொழிலாளர் என இரண்டையும் எண்ணுகிறது. 2009-10-இல் நாடு முழுவதும் சுமார் 43 லட்சமாக இருந்த இவர்களின் எண்ணிக்கை, 2019-20-இல் சுமார் 35 லட்சமாகக் குறைந்தது. இவர்களில் பத்துக்கு ஏழு பேர் பெண்கள். 'நெசவாளர் யார்' என்று குடும்பத் தலைவரிடம் மட்டும் கேட்கும் ஆய்வு இப்பெண்களைத் தவறவிடும். நெசவாளர் அடையாள அட்டை யார் பெயரில் இருக்கிறது என்பதும் இதனோடு சேர்ந்த கேள்வி.

திருப்பூர்ப் பின்னலாடையில் கட்டிங் மாஸ்டர், ஓவர்லாக் டெய்லர், செக்கிங், அயர்னிங், பேக்கிங், கைமடி எனப் படிநிலை உண்டு. கைமடியாகச் சேர்ந்து, உணவு இடைவேளையில் தையல் இயந்திரத்தில் பழகி டெய்லர் ஆவது அங்குள்ள கல்விமுறை. உழவுத் தொழிலிலிருந்து வந்த தொழிலாளர் பலர் அவ்வாறு கற்றுச் சிறு முதலாளிகளாக உயர்ந்ததை ஷரத் சாரி 2004-இல் வெளிவந்த தம் நூலில் ஆராய்ந்தார். 2005-இல் வந்த ஜெர்ட் டி நெவின் நூல் பவானி, குமாரபாளையம் நெசவுத் தொழிலாளர் வாங்கும் முன்பணத்தையும், அது அவர்களைக் கட்டிவைக்கும் விதத்தையும் விளக்குகிறது. புக்கானன் பவானியைக் கடந்து சென்று இருநூறு ஆண்டுகள் ஆன பின்னும் 'முன்பணம்' ஆய்வுக்குரிய சொல்லாகவே இருந்தது.

கொத்தனாரும் சித்தாளும் போன்ற அமைப்புசாராத் தொழிலாளருக்காக 1982-இல் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது. அதன்படி கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் 1994-இல் அமைந்தது. 2021 ஆகஸ்டில் மத்திய அரசின் இ-ஷ்ரம் பதிவும் தொடங்கியது. இவற்றில் பெயர் பதிய, செய்யும் தொழில் எது என்று சொல்லியாக வேண்டும். அங்கே எழுதப்படும் ஒற்றைச் சொல் ஒருவருக்குக் கிடைக்கும் உதவியைத் தீர்மானிக்கக் கூடும்.

உள்ளூர் ஆய்வுக்குச் சில குறிப்புகள்

சிலேட்டரின் மாணவர்களிடம் கணினியும் இல்லை, பெரும் நிதியும் இல்லை. வினாப் பட்டியலும் விடுமுறையும் இருந்தன. இன்றைய பள்ளி, கல்லூரி மாணவரும் தம் ஊரில் இப்பணியைச் செய்யலாம். முந்தைய ஆய்வுகள் கற்றுத்தந்தவை இவை:

1. ஒவ்வொருவரிடமும் நேரில் கேட்க வேண்டும். வீட்டுப் பெண்களின் வேலையைக் குடும்பத் தலைவர் வாயிலாக எழுதக் கூடாது.

2. 'என்ன வேலை செய்கிறீர்கள்?' என்பதோடு நிறுத்தாமல், நேற்றுக் காலை எழுந்தது முதல் இரவு வரை செய்தவற்றை வரிசையாகச் சொல்லச் செய்ய வேண்டும். 'சும்மாதான் இருக்கிறேன்' என்று சொல்பவரின் நாளில் எத்தனை மணி நேர உழைப்பு உண்டு என்பது அப்போது தெரியவரும்.

3. தெரிந்த வேலை எது, அதை யாரிடம் கற்றார், எத்தனை ஆண்டு ஆயிற்று என்பதைப் படிப்பிலிருந்து தனியே எழுத வேண்டும்.

4. கூலியைக் கேட்கும்போது முன்பணம், கடன், வேலை இல்லாத மாதங்கள், விடுப்பு, விபத்து ஆகியவற்றையும் கேட்க வேண்டும்.

5. கேள்வித்தாளையும் கேட்ட நாளையும் விடைகளோடு சேர்த்துப் பாதுகாக்க வேண்டும்; ஆட்களின் பெயரை வெளியிடக் கூடாது. இருபது ஆண்டு கழித்து அதே ஊருக்குச் செல்பவர் அதே கேள்விகளைக் கேட்டால்தான், மாறியது ஊரா அல்லது கேள்வியா என்று பிரித்தறிய முடியும்.